முள் காட்டிய 100, கைப்பேசி காட்டிய 94: ஒரு காரின் வேகமானியும் மைலேஜ் காட்சியும் குறித்த நிகழ்வு ஆய்வு

ஏழு ஆண்டுகள் ஓடிய, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு சிறிய காரை அதன் உரிமையாளர் சோதனைக்குக் கொண்டுவந்தபோது, அவர் கையில் ஒரு நோட்டும் மனதில் ஏற்கெனவே எழுதி முடித்த தீர்ப்பும் இருந்தன. “மீட்டர் லிட்டருக்கு 20.8 கி.மீ. காட்டுகிறது, என் கணக்கில் 17தான் வருகிறது. பங்க்கில் அளவு அடிக்கிறார்கள், இல்லையென்றால் எஞ்சின் போய்விட்டது” என்பது அவர் சொன்னது. இரண்டில் எது என்று சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டார். இரண்டும் இல்லை என்பது ஆய்வின் முடிவில் தெரிந்தது. ஆனால் அந்த முடிவைவிட, அவர் 17 என்ற எண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே பதிவு செய்யத் தக்கது; ஏனெனில் அதே வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறவர்கள் மிகப் பலர்.

அவருடைய வாதம் ஒழுங்கானது. நெடுஞ்சாலையில் வேகமானி முள் 100இல் நிற்கும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் 94 என்று காட்டியது. ஆகவே கார் தன் வேகத்தை 6 சதவீதத்துக்கும் மேல் கூட்டிச் சொல்கிறது. வேகத்தைக் கூட்டிச் சொல்கிற கார் தூரத்தையும் அதே அளவு கூட்டித்தான் சொல்லும். நோட்டில் ஆறு முறை டேங்க் நிரப்பிய கணக்கு இருந்தது: ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரின்படி 2,430 கி.மீ., பங்க் சீட்டுகளின்படி 133.5 லிட்டர். தூரத்திலிருந்து அந்த மிகையைக் கழித்தால் ஏறத்தாழ 2,284 கி.மீ.; அதை 133.5ஆல் வகுத்தால் லிட்டருக்கு 17.1. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. “ஆகவே” என்று தொடங்கிய இரண்டாவது படிதான் தவறு.

வேகம் குறித்த சோதனை

முதலில் அவர் கண்டதையே மறுபடி கண்டு உறுதி செய்ய வேண்டியிருந்தது. சமதளமான, நேரான சாலையில், வேகத்தை நிலைநிறுத்தும் க்ரூஸ் கன்ட்ரோல் உதவியோடு முகப்பில் (டேஷ்போர்டில்) 60, 80, 100 ஆகிய மூன்று வேகங்களில் கார் ஓட்டப்பட்டது. ஜிபிஎஸ் முறையே 56, 75, 94 என்று காட்டியது. வேகம் மாறிக்கொண்டிருக்கும்போது ஜிபிஎஸ் எண் ஓரிரு விநாடிகள் பின்தங்கி வரும். நிலையான வேகத்தில் வானம் திறந்த சாலையில் அதன் பிழை மணிக்கு ஒரு கி.மீ.கூட இராது. ஆனாலும் ஒரு கருவியை இன்னொரு கருவியைக் கொண்டு மட்டுமே சரிபார்ப்பது எனக்கு உவப்பானதல்ல. எனவே முகப்பு 80 காட்டிய ஓட்டத்தில், ஐந்து கி.மீ. இடைவெளியுள்ள இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையிலான நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். சரியாக நான்கு நிமிடங்கள். ஐந்து கி.மீ. தூரத்தை நான்கு நிமிடத்தில் கடப்பது மணிக்கு 75 கி.மீ. வேகம், ஜிபிஎஸ் சொன்னதும் அதுவே.

அப்படியானால் வேகமானி கெட்டுவிட்டதா? இல்லை. அது எப்படிக் காட்ட வேண்டுமென்று விதி சொல்கிறதோ அப்படித்தான் காட்டுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் எண் ஒழுங்குமுறை பல நாடுகளில் வேகமானிகளுக்கான அளவுகோலாக உள்ளது. அதன்படி, காட்டப்படும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது; கூடுதலாக இருக்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் மணிக்கு 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மை வேகம் 94 என்றால் விதி அனுமதிக்கும் மிகை 13.4 கி.மீ.; இந்தக் காரில் இருந்தது 6 மட்டுமே. மேல்வரம்பு தாராளமானது, கீழ்வரம்போ சுழியம். இந்தச் சமனற்ற விதிதான் உலகெங்கும் வேகமானிகள் சற்றே முன்னால் ஓடுவதற்குக் காரணம். டயர் தயாரிப்பில் வரும் வேறுபாடு, காற்றழுத்தம், பாரம், தேய்மானம் ஆகிய எதனாலும் காட்டும் எண் உண்மைக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக, தயாரிப்பாளர் ஒரு சிறு மிகையை வேண்டுமென்றே வைத்துவிடுகிறார். எல்லா நாடுகளும் இப்படி நினைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வணிக ஊர்திகளுக்கான கூட்டரசு விதி மணிக்கு 50 மைல் வேகத்தில் இரு பக்கமும் 5 மைல் வரை பிழையை ஏற்கிறது. அங்கே முள் பின்தங்கியும் இருக்கலாம்.

ஒரு காலத்தில் இந்தப் பிழை கருவியின் இயல்பிலேயே இருந்தது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற சுழல்மின்னோட்ட வேகமானியில், கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அந்த இழுவைக்கு எதிராக நிற்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தம் வலுவிழந்தாலும், வில் தளர்ந்தாலும், வெப்பம் மாறினாலும் முள் நகரும். இன்றைய காரில் அந்தச் சாக்கு இல்லை. சக்கரத்தருகே உள்ள பல்வளையமும் உணரியும் ஒரு சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று எண்ணி அனுப்புகின்றன. எண்ணுவதில் பிழை வர வழியே இல்லை என்று சொல்லலாம். மிஞ்சியிருப்பவை இரண்டே: சக்கரம் ஒரு சுற்றில் உண்மையில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்பதும், வந்த எண்ணை முகப்பில் காட்டுமுன் மென்பொருள் என்ன செய்கிறது என்பதும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காரின் கணினியிலுள்ள தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், முகப்புக்குப் போகுமுன் எஞ்சின் கணினி வைத்திருக்கும் வேகத்தைப் படிக்கலாம். முகப்பு 60, 80, 100 என்று காட்டியபோது ஸ்கேனர் 57, 76, 95 என்று காட்டியது. ஜிபிஎஸ் காட்டியவை 56, 75, 94. ஆக, கார் உள்ளுக்குள் நம்பும் வேகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கி.மீ.; மீதியை, ஏறத்தாழ 4 சதவீதமும் அதன்மேல் ஒரு கி.மீ.யுமாக, முகப்பின் மென்பொருள் கூட்டியிருக்கிறது. (சில கார்களில் ஓபிடியில் கிடைக்கும் எண்ணிலேயே மிகை ஏற்றப்பட்டிருக்கும், ஆகவே இந்தச் சோதனையை ஜிபிஎஸ் இல்லாமல் தனியே நம்ப வேண்டாம்.)

தூரம் குறித்த சோதனை

உரிமையாளரின் இரண்டாவது படி இங்கேதான் உடைகிறது. ஓடோமீட்டர் முள்ளைப் பார்த்துத் தூரத்தை எண்ணுவதில்லை. மிகை ஏற்றப்படாத சக்கரத் துடிப்புகளை நேரடியாக எண்ணுகிறது. இதை மெய்ப்பிக்க 50 கிலோமீட்டர் கற்களைக் கடந்து ட்ரிப் மீட்டரைப் பார்த்தோம். 50.6 இருந்தது. பிழை 1.2 சதவீதம். ஒரு தனிக் கல்லை நம்பி ஒரு கி.மீ.யை அளந்தால், சாலை விரிவுபடுத்தும்போது இடம்மாறி நட்ட கல்லாக அது இருந்துவிட்டால் முடிந்தது கதை. ஐம்பது கற்களில் அந்தக் குறை கரைந்துவிடும்.

தூரத்தைக் கூட்டிக் காட்டுவதும் வேகத்தைக் கூட்டிக் காட்டுவதும் ஒரே தன்மையானவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேகத்தின் மிகை ஓட்டுநரின் பாதுகாப்புக்காக விதி கேட்பது. தூரத்தின் மிகையோ உத்தரவாதக் காலத்தைச் சுருக்கும், குத்தகைக் கட்டணத்தைக் கூட்டும், விற்கும்போது மதிப்பைக் குறைக்கும். அமெரிக்காவில் ஹோண்டா கார்களின் ஓடோமீட்டர்கள் தூரத்தைக் கூட்டிக் காட்டுவதாகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி, 2002க்கும் 2006க்கும் இடையில் வாங்கிய பல லட்சம் கார்களுக்கு உத்தரவாத தூரத்தை அந்நிறுவனம் 5 சதவீதம் நீட்டித்தது. அதன் பிறகும் ஓடோமீட்டரில் 6 சதவீதத்தை அறிந்தே கூட்டி வைக்க ஒரு தயாரிப்பாளர் துணிவார் என்று எண்ண இடமில்லை.

எஞ்சிய 1.2 சதவீதம் எங்கிருந்து வந்தது? டயர்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அளவு 185/65 ஆர்15; அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், விளிம்பு 15 அங்குலம். விளிம்பின் விட்டம் 381 மி.மீ.; பக்கச்சுவர் இருபுறமும் சேர்ந்து 240.5 மி.மீ.; மொத்தம் 621.5 மி.மீ. புதிதாக இருக்கும்போது 8 மி.மீ. ஆழமாக இருக்கும் தடப்பள்ளம் இந்தக் காரில் 2 மி.மீ. மட்டுமே இருந்தது. விட்டத்தில் 12 மி.மீ. போய்விட்டதென்றால் கணக்குப்படி 1.9 சதவீதம் சிறிய சக்கரம். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். எண்ணுகிற கருவி அதை அதிகத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும்.

உரிமையாளர் எப்படியும் டயர் மாற்றவிருந்தார். எனவே அதே அளவில் புதிய டயர்கள் போட்ட பின் அதே ஐம்பது கற்களை மீண்டும் கடந்தோம். 49.9. இரண்டு அளவீடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 1.4 சதவீதம், கணக்கு சொன்ன 1.9 வரவில்லை. இதில் வியப்பில்லை. ரேடியல் டயர் உருளும் தூரத்தை முடிவு செய்வதில் தடத்துக்கு அடியில் சுற்றிவரும் எஃகுப் பட்டையின் நீளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பட்டை நீள்வதுமில்லை, தேய்வதுமில்லை. காற்று ஓரளவு குறைந்தால் ஓடோமீட்டர் பெரிதாக ஏமாறாததற்கும் இதுவே காரணம். ஆனால் டயரின் அளவையே மாற்றினால் பட்டையும் மாறும். இதே காரில் 205/65 ஆர்15 டயர் போட்டிருந்தால் விட்டம் 647.5 மி.மீ. ஆகி, 4 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கும். தயாரிப்பாளர் வைத்த மிகையில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும், ஓடோமீட்டரோ ஓடிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும். தோற்றத்துக்காகப் பெரிய டயர் போட்டுக்கொண்டு மைலேஜ் குறைந்துவிட்டதென்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எரிபொருள் குறித்த சோதனை

இப்போது 2,430 கி.மீ.யைத் திருத்தினால் 2,401 கி.மீ. வரும்; 133.5 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 18.0. உரிமையாளர் அஞ்சிய 17.1 அல்ல. ஒரு பக்கத்துக் கவலை இவ்வாறு குறைந்தது. மறு பக்கத்தில் இருந்த 20.8ஐயும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

இந்தக் காரில், கடைசியாகச் சுழியாக்கிய இடத்திலிருந்து தூரத்தையும் மைலேஜையும் காட்டும் ட்ரிப் ஏ, ட்ரிப் பி என்று இரண்டு கணக்குகள் உண்டு. ட்ரிப் ஏவை அவர் ஒவ்வொரு நெடும்பயணத்திலும் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சுழியாக்கிவிடுவார். நெரிசலில் ஊர்ந்ததும் குளிர்ந்த எஞ்சின் குடித்ததும் அதில் சேராது. அப்படிக் கிடைத்த எண்களையும் அன்றாட ஓட்டத்தின் எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தே 20.8க்கு வந்திருந்தார். லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்ற எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. 30 கி.மீ. தூரம் லிட்டருக்கு 14 வீதமும் அடுத்த 30 கி.மீ. லிட்டருக்கு 22 வீதமும் ஓடினால் சராசரி 18 அல்ல, 2.14 லிட்டரும் 1.36 லிட்டரும் சேர்ந்து 3.5 லிட்டர், ஆகவே 17.1. நூறு கி.மீ.க்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிடும் நாடுகளில், சம தூரங்களை ஒப்பிடும்போது இந்தத் தடுமாற்றம் வருவதில்லை.

நல்வாய்ப்பாக, முதல் நிரப்பின்போது ட்ரிப் பியையும் சுழியாக்கிவிட்டு அப்புறம் அதைத் தொடாமலே விட்டிருந்தார். தவிர, ஒவ்வொரு நிரப்பின்போதும் முகப்பைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். ட்ரிப் பி காட்டிய மைலேஜ் 19.6. அதாவது அதே 2,430 கி.மீ.க்கு 124 லிட்டர்தான் செலவானது என்பது காரின் வாக்குமூலம். பங்க் சீட்டுகளோ 133.5 லிட்டர் என்கின்றன. வேறுபாடு 9.5 லிட்டர்.

பங்க்கைக் குற்றம் சாட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் எரிபொருள் வழங்கும் இயந்திரங்களுக்கான பன்னாட்டுப் பரிந்துரை அனுமதிக்கும் பிழை அரை சதவீதம், 133.5 லிட்டருக்கு அது முக்கால் லிட்டரைக்கூட எட்டாது. ஆறு நிரப்புகள் மூன்று வெவ்வேறு பங்க்குகளில் நடந்தவை. ஆறிலும் காரின் காட்சியே உயர்வாக இருந்தது, இடைவெளி ஒருமுறைகூடத் திசை மாறவில்லை. மூவரும் ஒரே விகிதத்தில் அடித்தார்கள் என்று கொள்வதைவிட, மூன்று இடத்துக்கும் சென்ற ஒரே கருவியான காரைச் சந்தேகிப்பதே முறை. நாசில் “டக்” என்று நிற்கும் இடமும் கார் நிற்கும் சாய்வும் ஒரு நிரப்பில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மாற்றும் என்பது உண்மை. ஆனால் முதலிலும் முடிவிலும் டேங்க் நிரம்பியிருந்தால் இடையிலுள்ள பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்; மொத்தத்தில் நிற்பது ஒரு லிட்டர் அளவே.

காரில் எஞ்சினுக்குப் பாயும் எரிபொருளை நேரடியாக அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது என்று சொன்னபோது உரிமையாளர் நம்பவில்லை. பொதுவாக, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிவிநாடி திறந்திருந்தது என்பதை எஞ்சின் கணினி அறியும், ஏனெனில் திறந்தது அதுதான். ஒரு மில்லிவிநாடிக்கு இவ்வளவு பெட்ரோல் பாயும் என்று ஆலையில் எழுதிவைத்த எண்ணால் அதைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும். அந்த எழுதிவைத்த எண் உண்மையாக இருக்கும்வரை காட்சியும் உண்மையாக இருக்கும்.

எரிபொருள் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்ததில் 3.3 பார் இருந்தது. இருக்க வேண்டியது 3.0. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுமாதலால், அழுத்தம் 10 சதவீதம் கூடினால் பாய்வு 5 சதவீதம் அளவுக்குக் கூடும். அப்படியானால் எஞ்சின் கூடுதலாகக் குடித்திருக்கும் அல்லவா என்றால், இல்லை. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் கலவை செறிந்திருப்பதைக் கண்டு சொல்ல, கணினி இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைச் சுருக்கிக் கலவையைச் சரிசெய்துவிடும். ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணினி அந்த நேரத்தைத் தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ வைக்கும் அளவு, மைனஸ் 4க்கும் மைனஸ் 5 சதவீதத்துக்கும் இடையில் நின்றது அதற்குச் சான்று. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் சரியான அளவே; ஆனால் கணக்குப் பகுதி சுருங்கிய நேரத்தைப் பார்த்து “குறைவாகத்தான் செலவாயிற்று” என்று எழுதிக்கொள்கிறது. இடைவெளியில் பாதிக்கும் மேல் இதனால் விளங்கிவிடுகிறது. மீதிக்கு இன்ஜெக்டர்களின் தனித்தனி வேறுபாடு, நிரப்பும்போதுள்ள வெப்பநிலை ஆகியவை போதும். பெட்ரோல் பத்து டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் விரிவது.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் அவர் கேட்டார். பத்து சதவீத எத்தனால் கலந்தால் ஆற்றல் 3 சதவீதம் அளவுக்குக் குறையும், மைலேஜும் குறையும். ஆனால் திறப்பு நேரத்தைக் கொண்டு கணக்கிடும் காரில் அந்தக் குறைவு காட்சியிலும் கைக்கணக்கிலும் ஒருசேர வருமேயன்றி, இரண்டுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காட்சிகளுக்குப் பின்னாலுள்ள கணக்கையே இப்போது சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2021 முதல் அங்கே பதிவாகும் எல்லாப் புதிய பெட்ரோல், டீசல் கார்களிலும் எரிபொருள் செலவைத் தானே கணித்துச் சேமிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதன் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வாறு திரட்டிய தரவை வைத்து 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பெட்ரோல், டீசல் கார்கள் சாலையில் செலவிடுவது ஆய்வகச் சான்றிதழில் உள்ளதைவிட 20 சதவீதம் அளவுக்கு அதிகம் என்று கண்டது. இந்தக் கார் அந்த விதிக்கு முந்தையது. 7 சதவீத இடைவெளி அந்த வரம்பில் தேறியிருக்காது.

செய்ததும் செய்யாமல் விட்டதும்

எரிபொருள் அழுத்தக் கட்டுப்படுத்தியை மாற்றவில்லை. பெட்ரோல் பம்ப்புடன் சேர்ந்தே வரும் அந்த உறுப்பை, முகப்பில் ஓர் எண் அழகாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் மாற்றுவது செலவுக்குத் தகாது. எரிபொருள் திருத்தம் இரட்டை இலக்கத்தை நெருங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்தோம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் சர்வீஸ் கருவி கொண்டு காட்சியை 85 முதல் 115 சதவீதம் வரை திருத்தும் வசதி உண்டு. இந்தக் காரில் அப்படியொன்று இல்லை. ஆகவே முகப்பு காட்டும் மைலேஜை 0.93ஆல் பெருக்கிக்கொள்ளுமாறு சொன்னேன். 19.6 என்றால் 18.2, டயர் தேய்மானத்தையும் கழித்தால் 18.0.

புதிய டயர் போட்டு இரண்டு முறை டேங்க் நிரப்பிய பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தார். முகப்பில் 19.1 ஆகிவிட்டதாம், புது டயர் மைலேஜைத் தின்கிறதே என்றார். சீட்டுகளைப் படித்துக் காட்டச் சொன்னேன்: 812 கி.மீ., 45.8 லிட்டர். ஓடோமீட்டர் இப்போது 0.2 சதவீதம் குறைத்துச் சொல்வதால் உண்மைத் தூரம் 813.6 கி.மீ.; லிட்டருக்கு 17.8. முகப்பில் விழுந்த அரைக் கி.மீ.யில் பாதிக்கு மேல், தூரத்தை முன்பு கூட்டிச் சொன்ன தேய்ந்த டயர் போனதால் வந்தது. மீதியில் ஒரு பங்கு புதிய தடத்தின் உருளும் தடையாக இருக்கலாம். ஆழமான ரப்பர் அதிகமாக நெளியும், அதனால் அதிக ஆற்றலை விழுங்கும். ஆனால் 46 லிட்டரில் நாசில் அரை லிட்டர் முன்பின்னாக நின்றாலே ஒரு சதவீதம் போய்விடும், இங்கே பேசுவதும் ஒரு சதவீதத்தைத்தான். இன்னும் நான்கு சீட்டுகள் சேரட்டும், அப்போது பார்ப்போம் என்றேன். ட்ரிப் பியைத் தொடாமல் இருக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.